வாஷிங்டன் (குடும்பப் பெயர்)

வாஷிங்டன் என்பது இங்கிலாந்தில் தோன்றிய ஒரு குடும்பப் பெயர் ஆகும். வடகிழக்கு இங்கிலாந்தின் டர்ஹாம் பகுதியில் இருந்த ஓர் ஊரின் பெயரிலிருந்து 12-ஆம் நூற்றாண்டில் இது உருவானது. ஐக்கிய அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரான ஜார்ஜ் வாஷிங்டனால் (1732–1799) இப்பெயர் உலகெங்கும் அறியப்பட்டது. அந்நாட்டின் தலைநகரமும் ஒரு மாநிலமும் இப்பெயரைக் கொண்டுள்ளன.

ஆயினும் அமெரிக்காவில் இன்று இப்பெயரைத் தாங்கியிருப்போரில் மிகப் பெரும்பாலோர் ஆப்பிரிக்க அமெரிக்கர்கள். 2000-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி, வாஷிங்டன் என்ற குடும்பப் பெயர் கொண்டவர்களில் பத்தில் ஒன்பது பேர் கறுப்பினத்தவர். ஆங்கிலேய நிலக்கிழார் குடும்பம் ஒன்றின் பெயர், அமெரிக்காவில் அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களின் பெயராக மாறியது எப்படி என்பதே இப்பெயரின் வரலாற்றில் முதன்மையான கேள்வி.

சொற்பிறப்பு

ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் பெரும்பாலும் நான்கு வழிகளில் தோன்றின. சில தொழிலைக் குறித்தன. கொல்லரைக் குறிக்கும் ஸ்மித் இதற்கு எடுத்துக்காட்டு. சில தந்தையின் பெயரிலிருந்து வந்தன. ஜானின் மகன் எனப் பொருள்படும் ஜான்சன் அவ்வகையினது. சில உடல் தோற்றம் அல்லது இயல்பு பற்றிய பட்டப்பெயர்கள், பிரவுன் அத்தகையது. மற்றவை ஊர்ப்பெயர்கள். வாஷிங்டன் இந்த நான்காம் வகையைச் சேர்ந்தது.

இந்த ஊர்ப்பெயர் பழைய ஆங்கில மொழியில் மூன்று உறுப்புகளைக் கொண்டது எனப் பொதுவாக விளக்கப்படுகிறது. முதல் உறுப்பு வாசா அல்லது ஹ்வேசா என்ற ஒருவரின் பெயர். நடுவிலுள்ள 'இங்' என்பது அவரைச் சார்ந்த மக்களைக் குறிக்கும். இறுதியிலுள்ள 'டன்' என்பது பண்ணை அல்லது குடியிருப்பு எனப் பொருள்படும். ஆகவே, 'வாசாவின் மக்கள் வாழும் பண்ணை' என்று இதற்குப் பொருள் கொள்ளலாம். இங்கிலாந்தின் தெற்கிலுள்ள சசெக்ஸ் பகுதியிலும் வாஷிங்டன் என்ற ஓர் ஊர் உண்டு. எனினும் குடியரசுத் தலைவரின் குடும்பப் பெயர் டர்ஹாம் ஊரிலிருந்தே வந்தது. அவ்வூர் 1974 முதல் டைன் அண்ட் வியர் பகுதியில் அடங்கியுள்ளது.

இங்கிலாந்தில் வாஷிங்டன் குடும்பம்

12-ஆம் நூற்றாண்டில் வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்ற நிலக்கிழார், தம்மிடம் இருந்த ஹெர்ட்பர்ன் நிலத்தைக் கொடுத்துவிட்டு அதற்கு மாற்றாக வாஷிங்டன் ஊரைப் பெற்றார். டர்ஹாம் ஆயரின் நிலங்களையும் அவற்றிலிருந்து வரவேண்டிய வருவாயையும் கணக்கெடுத்து 1183-ஆம் ஆண்டில் தொகுக்கப்பட்ட போல்டன் ஏட்டில் இந்தப் பரிமாற்றம் பதிவாகியுள்ளது. அக்காலத்தில் நிலம் வைத்திருந்தவர் அந்நிலத்தின் பெயராலேயே அறியப்பட்டார். நிலம் மாறியதும் வில்லியமின் பெயரும் மாறியது. அவர் வில்லியம் டி வெசிங்டன் ஆனார். 'டி' என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கு 'இன்ன ஊரைச் சேர்ந்த' என்று பொருள். பிற்காலத்தில் அச்சொல் உதிர்ந்து, எழுத்துக்கூட்டும் மாறி, வாஷிங்டன் என்ற வடிவம் நிலைபெற்றது.

இக்குடும்பத்தின் கிளைகள் வெவ்வேறு இடங்களுக்குப் பரவின. ஒரு கிளை லங்காஷயரில் உள்ள வார்ட்டனில் குடியேறியது. அங்கிருந்து வந்த லாரன்ஸ் வாஷிங்டன் கம்பளி வணிகத்தில் செல்வம் ஈட்டி நார்த்தாம்டன் நகரின் மேயராகவும் இருந்தார். 1539-இல் சல்கிரேவ் என்ற ஊரில் அவர் நிலம் வாங்கினார். எட்டாம் ஹென்றி மன்னர் கிறித்தவத் துறவி மடங்களைக் கலைத்துப் பறிமுதல் செய்த நிலங்களுள் அதுவும் ஒன்று. அங்கு லாரன்ஸ் கட்டிய மாளிகை இன்றும் உள்ளது. அதன் வாயிலில் குடும்பச் சின்னம் பொறிக்கப்பட்டுள்ளது. இரண்டு சிவப்புப் பட்டைகளும் அவற்றின் மேல் மூன்று சிவப்பு விண்மீன்களும் கொண்ட அச்சின்னமே, 1938-இல் ஏற்கப்பட்ட அமெரிக்கத் தலைநகர்க் கொடியின் வடிவமாயிற்று.

சல்கிரேவ் லாரன்சின் வழித்தோன்றலான மற்றொரு லாரன்ஸ் வாஷிங்டன், எசெக்ஸ் பகுதியிலுள்ள பர்லி என்ற ஊரில் பங்குக் குருவாக இருந்தார். இங்கிலாந்து உள்நாட்டுப் போரின்போது, 1643-இல் நாடாளுமன்றத் தரப்பினர் அவரைப் பதவியிலிருந்து நீக்கினர். குடும்பம் வறுமையுற்றது. அவருடைய மகன் ஜான் வாஷிங்டன் கடல் வணிகத்தில் ஈடுபட்டு, 1650-களின் பிற்பகுதியில் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் குடியேறினார். புகையிலைத் தோட்டங்களின் உடைமையாளரானார். இவருடைய கொள்ளுப்பேரனே ஜார்ஜ் வாஷிங்டன்.

மவுண்ட் வெர்னானும் பெயரின் இரு கிளைகளும்

ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பதினொரு வயதானபோது தந்தை இறந்தார். தந்தையின் சொத்துடன் பத்து அடிமைகளும் அவருக்கு உரிமையாயினர். 1799-இல் அவருடைய மவுண்ட் வெர்னான் தோட்டத்தில் அடிமைப்படுத்தப்பட்ட 317 பேர் இருந்தனர். அவர்களுள் 123 பேர் ஜார்ஜ் வாஷிங்டனுக்கு உரியவர்கள். 153 பேர் அவருடைய மனைவி மார்த்தாவின் முதற்கணவரது சொத்தின் வழியே வந்தவர்கள். எஞ்சியோர் பிறரிடமிருந்து வாடகைக்குப் பெறப்பட்டவர்கள்.

தமக்கு உரியவர்களை, மனைவியின் காலத்துக்குப் பின் விடுவிக்க வேண்டும் என்று ஜார்ஜ் வாஷிங்டன் தம் உயிலில் எழுதினார். மார்த்தா அதற்கு முன்பாகவே, 1801 சனவரி 1 அன்று அவர்களை விடுவித்தார். ஆனால் முதற்கணவரின் சொத்தைச் சேர்ந்த 153 பேரைச் சட்டப்படி விடுவிக்க இயலவில்லை. மார்த்தா 1802-இல் இறந்தபின் அவர்கள் வாரிசுகளுக்குப் பங்கிடப்பட்டனர். இரு பிரிவினரும் ஒரே தோட்டத்தில் வாழ்ந்து, தமக்குள் மணம் செய்துகொண்டவர்கள். ஆகையால் பல குடும்பங்களில் ஒருவர் விடுதலை பெற, மற்றவர் அடிமையாகவே நீடித்தார்.

ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளைகள் இல்லை. மவுண்ட் வெர்னான் அவருடைய உடன்பிறந்தாரின் மகனும் உச்ச நீதிமன்ற நீதிபதியுமான புஷ்ராட் வாஷிங்டனுக்குச் சென்றது. அவர் 1821-இல் தம்மிடமிருந்த 54 அடிமைகளை லூசியானாவுக்கு விற்றார். குடும்பப் பெயர் ஜார்ஜின் உடன்பிறந்தார், பிற உறவினர் ஆகியோருடைய வழியில் வெள்ளையரிடையே தொடர்ந்தது. அது ஒரு சிறிய கிளையாகவே இருந்தது.

இதே பெயரின் மற்றொரு கிளை அப்போதே தொடங்கிவிட்டது. ஆப்பிரிக்காவில் பிறந்து மவுண்ட் வெர்னானில் அடிமையாக இருந்த ஹாரி என்பவர், அமெரிக்க விடுதலைப் போரின்போது பிரித்தானியப் படைகளின் பக்கம் தப்பிச் சென்றார். தங்களிடம் வரும் அடிமைகளுக்கு விடுதலை தருவதாகப் பிரித்தானியர் உறுதியளித்திருந்தனர். 1783-இல் அவர்கள் நியூயார்க்கை விட்டு வெளியேறியபோது, உடன் சென்ற கறுப்பினத்தவரின் பெயர்களைப் பதிவு செய்தனர். அதில் அவர் ஹாரி வாஷிங்டன் எனக் குறிக்கப்பட்டுள்ளார். கனடாவின் நோவா ஸ்கோசியாவில் சில ஆண்டுகள் வாழ்ந்தபின், 1792-இல் ஆப்பிரிக்காவின் சியரா லியோனில் குடியேறினார். அங்கு குடியேற்ற நிர்வாகம் விதித்த நிலவரியை எதிர்த்து 1800-இல் எழுந்த கிளர்ச்சியில் பங்கேற்றதற்காக நாடு கடத்தப்பட்டார். ஜார்ஜ் வாஷிங்டன் பிரித்தானிய வரிகளை எதிர்த்த இயக்கத்திலிருந்து உயர்ந்தவர். அவரிடமிருந்து தப்பிய ஹாரி வாஷிங்டனும் தம் வாழ்வின் இறுதிப் பகுதியில் அதே வகைக் கிளர்ச்சியில் நின்றார்.

1841-இல் மற்றொரு வாஷிங்டன் வரலாற்றில் இடம்பெற்றார். வர்ஜீனியாவிலிருந்து நியூ ஆர்லியன்சுக்கு அடிமைகளை ஏற்றிச்சென்ற கிரியோல் என்ற கப்பலில் மேடிசன் வாஷிங்டன் என்பவர் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கினார். கப்பல் பிரித்தானிய ஆட்சியிலிருந்த பஹாமாஸ் தீவுகளுக்குத் திருப்பப்பட்டு, நூற்றுக்கும் மேற்பட்டோர் விடுதலை அடைந்தனர். அவருடைய பெயரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர்கள் இருவரின் பெயர்கள் இருந்ததை அடிமை ஒழிப்பு இயக்கத்தினர் சுட்டிக்காட்டினர். பிரெடரிக் டக்ளஸ் 1853-இல் இந்நிகழ்வை ஒட்டி ஒரு குறும்புதினம் எழுதினார்.

பதிவேடுகளில் பெயரற்றவர்கள்

1850, 1860 ஆகிய ஆண்டுகளின் கணக்கெடுப்புகளில் அடிமைகளுக்கெனத் தனிப் படிவங்கள் இருந்தன. அவற்றில் உடைமையாளரின் பெயர் எழுதப்பட்டது. அவருக்குக் கீழே அடிமைகளின் வயது, பாலினம், நிறம் ஆகியவை மட்டும் வரிசையாகக் குறிக்கப்பட்டன. மிகச் சில இடங்களைத் தவிர அவர்களுடைய பெயர்கள் எழுதப்படவில்லை. 1860-இல் இவ்வாறு கணக்கிடப்பட்டோர் 39 லட்சத்துக்கும் மேற்பட்டோர்.

பதிவேட்டில் பெயர் இல்லை என்பதால் அவர்களுக்குக் குடும்பப் பெயரே இல்லை என்று கொள்ளக்கூடாது. அடிமைகள் பலர் தங்களுக்குள் குடும்பப் பெயர்களை வைத்திருந்தனர் என்பதையும், அவை பல வேளைகளில் அப்போதைய உடைமையாளரின் பெயரிலிருந்து வேறுபட்டிருந்தன என்பதையும் வரலாற்றாளர் ஹெர்பர்ட் கட்மன் 1976-இல் வெளியிட்ட ஆய்வில் விரிவாகக் காட்டினார். விற்கப்பட்டுப் பிரிந்து போனாலும், முந்தைய இடத்தின் உறவை நினைவில் வைத்திருக்க அப்பெயர் உதவியது.

1865-இல் அரசியலமைப்பின் 13-ஆவது திருத்தம் அடிமை முறையை ஒழித்தது. அதன்பின் படையில் சேரவும், கூலி ஒப்பந்தம் செய்யவும், திருமணத்தைப் பதிவு செய்யவும், வங்கியில் கணக்குத் தொடங்கவும், பள்ளியில் சேரவும் குடும்பப் பெயர் தேவைப்பட்டது. பலர் முன்பே தங்களிடம் இருந்த பெயரை வெளிப்படையாகக் கூறினர். பலர் புதிய பெயரைத் தேர்ந்தெடுத்தனர். 1870-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பே தென் மாநிலங்களின் கறுப்பின மக்கள் அனைவரையும் பெயர் கூறிப் பதிவு செய்ய முற்பட்ட முதல் கணக்கெடுப்பு. தம் முன்னோரைத் தேடும் ஆப்பிரிக்க அமெரிக்கர் பலருக்கு இன்றும் இந்த ஆண்டே ஒரு தடைச்சுவராக நிற்கிறது. அதற்கு முந்தைய தலைமுறையைத் தேட, முன்னோரை உடைமையாகக் கொண்டிருந்தவரின் உயில்களையும் விற்பனைச் சீட்டுகளையும் நாட வேண்டியுள்ளது.

வாஷிங்டன் என்ற பெயர் ஏன் தேர்ந்தெடுக்கப்பட்டது?

முதலில் தோன்றும் விடை, இவர்கள் வாஷிங்டன் குடும்பத்தின் அடிமைகளாக இருந்தவர்கள் என்பதாகும். ஒரு சிலருக்கு அது பொருந்தும். ஆனால் அக்குடும்பத்திடம் இருந்த அடிமைகளின் எண்ணிக்கையைக் கொண்டு இப்பெயரின் பரவலை விளக்க முடியாது. வேறு மூன்று காரணங்கள் கருதத்தக்கவை.

முதலாவது, நாட்டின் விடுதலையோடு இணைந்த பெயர் என்ற மதிப்பு. புதிதாக விடுதலை பெற்றவர்கள், தங்களையும் இந்நாட்டின் குடிமக்களாக அறிவிக்கும் பெயராக இதைக் கண்டிருக்கலாம். ஜார்ஜ் வாஷிங்டன் தம் அடிமைகளை விடுவிக்க உயில் எழுதியவர் என்ற செய்தியும் பரவலாக அறியப்பட்டிருந்தது.

இரண்டாவது, வாஷிங்டன் என்பது 19-ஆம் நூற்றாண்டு அமெரிக்காவில் வெள்ளையர், கறுப்பினத்தவர் ஆகிய இருவரிடையேயும் இயற்பெயராகவும் வழங்கியது. தந்தையின் இயற்பெயர் பிள்ளைகளின் குடும்பப் பெயராக மாறுவது எளிதாக நிகழக்கூடியது.

மூன்றாவது, பெயர் சூட்டும் உரிமையே. அடிமையின் பெயரை உடைமையாளர் மாற்ற முடிந்தது. அந்த நிலை முடிந்துவிட்டது என்பதைக் காட்டும் முதற்செயல்களுள் ஒன்று, தம் பெயரைத் தாமே கூறுவது.

இம்மூன்றையும் ஒருசேரக் காட்டும் எடுத்துக்காட்டு புக்கர் டி. வாஷிங்டனின் வாழ்க்கை. 1856-இல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்த இவர், விடுதலைக்குப் பின் மேற்கு வர்ஜீனியாவின் உப்பு உலைகளில் வேலை செய்த சிறுவன். அதுவரை புக்கர் என்றே அழைக்கப்பட்டார். பள்ளியில் சேர்ந்தபோது மற்ற மாணவர்களுக்கு இரண்டு பெயர்களாவது இருப்பதைக் கண்டு கலங்கினார். ஆசிரியர் கேட்டபோது, தம் பெயர் புக்கர் வாஷிங்டன் என்று அமைதியாகக் கூறிவிட்டார். அவருடைய மாற்றாந்தந்தையின் இயற்பெயர் வாஷிங்டன் பெர்குசன் என்பது குறிப்பிடத்தக்கது. தாய் தமக்கு டாலியாபெரோ என்ற பெயரையும் சூட்டியிருந்ததைப் பின்னர் அறிந்து, அதன் முதலெழுத்தை நடுவில் சேர்த்துக்கொண்டார். 1901-இல் வெளிவந்த தன்வரலாற்றில் இந்நிகழ்வை விவரிக்கும் அவர், தம் பெயரைத் தாமே தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு எல்லோருக்கும் கிடைப்பதில்லை என்று பெருமையுடன் கூறுகிறார். விடுதலை பெற்றோர் பலர் உடைமையாளரின் பெயரை விட்டுவிட்டு, எதையும் குறிக்காத ஒரு நடு எழுத்தையும் ஒரு புதிய குடும்பப் பெயரையும் சேர்த்துக்கொண்டதையும் அந்நூல் பதிவு செய்கிறது.

1881-இல் அலபாமாவின் டஸ்கீகி கல்வி நிறுவனத்தின் முதல் தலைவரான புக்கர் டி. வாஷிங்டன், அக்காலத்தில் நாட்டின் மிக அறியப்பட்ட கறுப்பினத் தலைவராக விளங்கினார். ஒரு பள்ளிச் சிறுவன் நொடியில் தேர்ந்த பெயர், ஆப்பிரிக்க அமெரிக்கரிடையே மேலும் மதிப்புப் பெற்றது.

மக்கள்தொகைப் பரவல்

அமெரிக்கக் கணக்கெடுப்பு ஆணையம், 2000-ஆம் ஆண்டில் நூறு பேருக்குக் குறையாமல் வழங்கிய குடும்பப் பெயர்களின் பட்டியலை இனவாரி விழுக்காட்டுடன் வெளியிட்டது. அதில் வாஷிங்டன் 138-ஆம் இடத்தில் உள்ளது. இப்பெயர் கொண்டோர் 1,63,036 பேர். அவர்களுள் சுமார் 90 விழுக்காட்டினர் கறுப்பினத்தவர். வெள்ளையர் சுமார் 5 விழுக்காட்டினர். 2010-இல் மொத்த எண்ணிக்கை சுமார் 1,77,000 ஆக உயர்ந்தது. கறுப்பினத்தவரின் பங்கு 87 விழுக்காட்டுக்குச் சற்று மேல் இருந்தது.

2000-ஆம் ஆண்டுப் பட்டியலில் சில பெயர்களைத் தாங்கியோருள் கறுப்பினத்தவரின் பங்கு (தோராயமாக):

- வாஷிங்டன்: 90 விழுக்காடு
- ஜெபர்சன்: 75 விழுக்காடு
- ஜாக்சன்: 53 விழுக்காடு
- வில்லியம்ஸ்: 47 விழுக்காடு
- ஜான்சன்: 34 விழுக்காடு
- ஸ்மித்: 22 விழுக்காடு

இவ்விழுக்காடுகளைப் படிப்பதில் ஒரு கவனம் தேவை. கறுப்பின மக்களிடையே மிகுதியாக வழங்கும் பெயர் வாஷிங்டன் அன்று. ஸ்மித் என்ற பெயர் கொண்ட கறுப்பினத்தவர் மட்டும் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர். வாஷிங்டன்களோ ஒன்றரை லட்சத்துக்கும் குறைவு. ஸ்மித், ஜான்சன் போன்ற பெயர்களை வெள்ளையரும் பெருமளவில் தாங்குவதால் அவை எந்த இனத்தின் அடையாளமாகவும் தோன்றுவதில்லை. வாஷிங்டன் என்ற பெயர் கொண்ட வெள்ளையர் தொடக்கத்திலிருந்தே மிகச் சிலர். அதனால் விடுதலைக்குப் பின் அப்பெயரை ஏற்ற கறுப்பினத்தவரின் எண்ணிக்கை எளிதில் மேலோங்கியது.

இருபதாம் நூற்றாண்டிலும் அதன் பின்னும்

அடிமைக்காலத்துடன் தொடர்புடைய குடும்பப் பெயர்களைத் தொடர்வது சரியா என்ற கேள்வி 20-ஆம் நூற்றாண்டில் வலுவாக எழுந்தது. மால்கம் லிட்டில் என்ற பெயருடன் பிறந்த மால்கம் எக்ஸ், தம் குடும்பப் பெயரைத் துறந்து, அறிய முடியாத ஆப்பிரிக்க மூதாதையரின் பெயருக்கு அடையாளமாக எக்ஸ் என்ற எழுத்தை ஏற்றார். ஆனால் பெரும்பாலோர் தங்கள் பெயரைக் கைவிடவில்லை. ஓர் உடைமையாளர் திணித்த பெயராக அன்றி, தங்கள் பாட்டனாரும் பூட்டனாரும் உழைத்துக் காத்த பெயராகவே அதைக் கருதினர்.

தலைநகர் வாஷிங்டனின் நிர்வாகத் தலைவராக 1967-இல் அமர்த்தப்பட்ட வால்டர் வாஷிங்டன், பின்னர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டு 1975-இல் மேயராகப் பொறுப்பேற்றார். 1983-இல் ஹாரல்ட் வாஷிங்டன் சிகாகோ நகரின் முதல் கறுப்பின மேயரானார். ரூத் ஜோன்ஸ் என்ற இயற்பெயர் கொண்ட பாடகி, டைனா வாஷிங்டன் என்ற மேடைப்பெயரால் புகழ்பெற்றார். நடிகர் டென்சல் வாஷிங்டனால் இன்றைய தலைமுறையினருக்கு இப்பெயர் அறிமுகமானது.

பெயர் வாழ்க்கை வாய்ப்புகளைப் பாதிக்கக்கூடும் என்பதையும் ஆய்வுகள் காட்டியுள்ளன. 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், பாஸ்டன், சிகாகோ நகர வேலை விளம்பரங்களுக்கு ஏறத்தாழ 5,000 விண்ணப்பங்கள் அனுப்பப்பட்டன. தகுதிகள் ஒத்திருந்தும், வெள்ளையருக்குரியவையாகக் கருதப்படும் பெயர்களுக்கு ஏறத்தாழ 50 விழுக்காடு கூடுதலான அழைப்புகள் வந்தன. கறுப்பினத்தவரைக் குறிக்க அந்த ஆய்வாளர்கள் பயன்படுத்திய குடும்பப் பெயர்களுள் வாஷிங்டனும் ஒன்று.

இப்பெயரின் வரலாறு, குடும்பப் பெயரைக் கொண்டு ஒருவரின் குருதி வழியை முடிவு செய்ய முடியாது என்பதை உணர்த்துகிறது. டர்ஹாமில் அது நிலத்தைக் குறித்தது. வர்ஜீனியாவில் நிலத்தோடு மனிதரையும் உடைமையாகக் கொண்ட ஒரு குடும்பத்தைக் குறித்தது. 1870-ஆம் ஆண்டுப் பதிவேட்டில் முதன்முறையாக அப்பெயருடன் எழுதப்பட்ட மக்களுக்கோ, வயதும் நிறமுமாக மட்டுமே கணக்கிடப்பட்டிருந்த தாங்கள் இனிப் பெயருடைய மனிதர்கள் என்பதை அது குறித்தது.